மனைவிலையும் நெய்தற் குடிகளும்

மக்கள் வாழ்க்கைக்கு உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் இன்றியமையாதன என்பது யாவரும் அறிந்ததே. இவற்றுள் உறையுளைப் பற்றி, அதிலும் அவ்வுறையுள் நிற்கும் மனையைப் பற்றி, நம் குலத்தார் ஓரிடத்திற் கூடிப் பேசுவது அரிதாக இருக்கின்றது. வலையின் விலை, எஞ்சினின் விலை, இறாலின் விலை ஆகியவற்றை நம்மவர் நாள்தோறும் பேசுவர். தம் காலடியிற் கிடக்கும் மணலின் விலையை மட்டும் பிறர் பேசுமாறு விட்டுவிட்டனர். அவ்வாறு பிறர் விலை பேசிய கரைகளில் நம் இனத்தார்க்கு யாது நேர்ந்தது என்பதை வரலாற்று முகத்தான் ஆராய்ந்து, பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த குப்பங்கள் அதனாற் பெறத்தக்க பாடம் யாது எனக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இதனை இப்பொழுது எழுதுதற்குக் காரணமும் உண்டு. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர எல்லை 2022 ஆம் ஆண்டில் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அறிவிக்கப்பெற்றது. நகரம் எத்திசையில் விரியினும் அதற்கு முன்னே நடந்து செல்வது நிலவிலையாம். சாலை வருவதற்கு முன்னர்ச் சாலை வருமென்னும் பேச்சு வரும். பேச்சு வந்த அளவிலே தரகர் வருவர். ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் உள்ள நம் குப்பங்களில், கொல்லைப்புறம் விலைக்கு வருமா என்று கேட்பார் தொகை நாளுக்கு நாள் பெருகுகின்றது. அவர்க்கு யாது விடை கூறுவது என்பதே இன்று நம்முன் நிற்கும் வினா.

பெயரில் நிற்கும் வரலாறு

பண்டைத் தமிழர் நிலத்தை ஐந்திணையாக வகுத்து, கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்றனர். அந்நிலத்து ஊர்கட்குப் பட்டினம், பாக்கம் என்னும் பெயர்களை நம் நூலோர் கூறுவர். பட்டினவர் என்னும் நம் குலப்பெயரும் அவ்வழி வந்ததே. பிற்காலத்தில் பாக்கம் என்னும் சொல் உள்நாட்டு ஊர்கட்கும் பரவி வழங்கிற்றாயினும், அதன் முதற்பொருள் கடற்கரையைத் தழுவியதாகும்.

இன்று சென்னையின் தென்கரையிற் செல்வர் குடியேறிய ஊர்களின் பெயரைச் சற்று நோக்குக. கொட்டிவாக்கம், ஈஞ்சம்பாக்கம் என்பன அவை. சாந்தோமுக்குத் தெற்கே பட்டினப்பாக்கம் என ஓரிடம் உண்டு. நெய்தல் நிலத்தூர்ப் பெயர் இரண்டும் ஒருங்கே அமைந்த இடம் அது. பெயர் நெய்தற்குரியதாக நிற்க, அங்கே விலைபோகும் மனைகளை வாங்குவார் பெரும்பாலும் நெய்தற் குடியினர் அல்லர். பெயர் தங்கிவிட்டது, பெயருக்குரியோர் ஒதுங்கிவிட்டனர். ஒரு நாளில் நிகழ்ந்த படையெடுப்பால் இது நேரவில்லை. ஆவணம் ஆவணமாக, மனை மனையாக, இரண்டு மூன்று தலைமுறைகளில் நிகழ்ந்தது. ஆதலின் அவ்வாவணங்களின் வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும்.

நத்தமும் புறம்போக்கும்

தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் (985–1014) காலத்திற் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்களைப் பார்ப்போர் ஒன்றைக் காண்பர். ஊரின் நிலத்தை அளந்து வரி வகுக்குங்கால், ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சேரிகள், சுடுகாடு ஆகியவற்றை இறையிலியாகக் கழித்து, எஞ்சிய நிலத்துக்கே வரி கணக்கிட்டனர். மக்கள் குடியிருக்கும் மண்ணும், ஊரார் பொதுவில் ஆளும் மண்ணும், பொருள் விளைக்கும் நிலத்தோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கன அல்ல என்பது அக்காலத்தார் துணிபு.

ஆங்கிலேயர் ஆட்சியில் சர் தாமசு மன்றோ சென்னையின் ஆளுநராக இருந்த (1820–1827) காலத்தில் இரயத்துவாரி முறை நிலைபெற்றது. ஒவ்வொரு வயலும் அளக்கப்பெற்றது, எண் பெற்றது, வரி செலுத்துவோன் பெயரில் எழுதப்பெற்றது. வீடுகள் நின்ற இடம் கிராம நத்தம் எனத் தனித்து நின்றது. வரி தராத பிற நிலங்கள் புறம்போக்கு எனப்பட்டன. பின்னர் 1905 ஆம் ஆண்டில் எழுந்த நில ஆக்கிரமிப்புச் சட்டம், தனியார்க்கு உரியதல்லாத நிலம் யாவும் அரசின் உடைமை என்று வகுத்தது. எனினும் வீட்டுமனையாகவும் கொல்லையாகவும் ஒருவர்க்கு உடைமையான நிலத்தை அவ்வகுப்பினின்றும் விலக்கிற்று. 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும், 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறுமதியுள்ள மனையை எழுதிப் பதிவு செய்தே விற்க வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டின.

இச்சட்டங்களை இயற்றியோர் உழவன் ஊரைக் கண்முன் வைத்தே இயற்றினர். உழவனுக்கு வீடு நத்தத்தில். தொழில் செய்யும் வயல் பட்டாவில். இரண்டும் ஆவணத்தில் அவன் பெயரோடு இருந்தன. நம் குப்பத்தின் நிலையோ வேறு. வீடு நத்தத்தில் உள்ளது. படகு ஏற்றும் மணல், வலை உலர்த்தும் திடல், கருவாடு காயவைக்கும் களம், மீன் ஏலமிடும் இடம் ஆகிய யாவும் கடற்கரைப் புறம்போக்கு. தொழில் செய்யும் நீரோ அரசின் நீர். இம்மூன்றும் ஒன்றாய் நிற்பதே குப்பம். ஏட்டிலோ மூன்றும் மூன்று பக்கங்களில் எழுதப்பெற்று, அவற்றுள் ஒன்றே தனியொருவன் விற்கக்கூடிய பொருளாக நின்றது. அவ்வொன்று வீட்டுமனை. உழவன் வீட்டை விற்றால் வயல் எஞ்சும். வயலை விற்றால் வீடு எஞ்சும். பட்டினவன் மனையை விற்பானாயின் மணலும் நீரும் அவனை விட்டு மெல்ல அகலும். நம் கட்டுரையின் கருப்பொருள் இதுவேயாகும்.

பழவேற்காட்டின் ஏற்றமும் இறக்கமும்

விலை என்பது வந்து போகும் இயல்பினது என்பதற்குப் பழவேற்காட்டினும் சிறந்த சான்று வேறில்லை. போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டில் இங்கு வாணிகம் செய்தனர். ஒல்லாந்தர் 1610 ஆம் ஆண்டில் உரிமை பெற்று, 1613 ஆம் ஆண்டில் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டி முடித்தனர். சோழமண்டலக் கரையில் அவர்தம் ஆட்சிக்குத் தலைமையிடம் இதுவாயிற்று. துணி ஏற்றுமதியும், வெடிமருந்துச் சாலையும், நாணய சாலையும் இவ்வூரில் இருந்தன. அடிமைகளாக மக்களை விற்று ஏற்றிய கொடுமையும் இத்துறையில் நிகழ்ந்ததென்பதை மறைத்தல் தகாது.

அக்காலத்தில் ஆங்கிலேயர் ஏரியின் வடபால் துர்க்கராயபட்டினத்தில் 1626 ஆம் ஆண்டில் ஒரு பண்டகசாலை வைத்திருந்தனர். அவ்விடம் அவர்க்கு ஏற்றதாகாமையின், 1639 ஆம் ஆண்டில் தெற்கே ஒரு மணற்கரையைப் பெற்றுக் குடியேறினர். அதுவே சென்னையாக வளர்ந்தது. ஒல்லாந்தர் 1690 ஆம் ஆண்டில் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றினர். பின்னர்க் கைமாறிக் கைமாறி, 1825 ஆம் ஆண்டில் பழவேற்காடு ஆங்கிலேயரிடம் நிலையாகச் சேர்ந்தது. இன்று கோட்டை இருந்த இடம் புதர் மண்டிக் கிடக்கின்றது. எழுத்துப் பொறித்த கல்லறைகளே அச்செல்வத்திற்குச் சான்று கூறுகின்றன.

கப்பல் வந்த காலத்தில் இம்மண்ணுக்கு மதிப்பு உயர்ந்தது. கப்பல் அகன்றபின் தாழ்ந்தது. வந்தோர் எல்லாரும் போயினர். ஏரி போகவில்லை, ஏரியை நம்பிய குடிகளும் போகவில்லை. சிலிகாவிற்கு அடுத்தபடியாக இந்தியாவிற் பெரிய உவர்நீர் ஏரி இது. ஆரணியாறும் காளங்கியும் தரும் நன்னீரும், முகத்துவாரத்தின் வழியே ஏறியிறங்கும் கடல்நீரும் கலத்தலால் இறாலும் மீனும் இதன்கண் வளர்கின்றன. நூற்றாண்டுகளாக இவ்வூரார் குடியைக் காத்தது இக்கலப்பேயன்றி மனைவிலை அன்று.

ஆயினும் குடிகள் அசைக்கப்படாமல் இருந்தனர் என்றும் கூறல் இயலாது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் 1971 ஆம் ஆண்டில் விண்கல ஏவுதளம் இயங்கத் தொடங்கிற்று. அதற்கென அத்தீவில் வாழ்ந்தோர் குடிபெயர நேர்ந்தது. தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. காட்டுப்பள்ளியில் அடுத்த துறைமுகம் எழுந்தபோது அங்கிருந்த குப்பம் இடம் மாற்றப்பட்டது. இவையெல்லாம் அரசும் பெருந்தொழிலும் செய்தவை. இவற்றை எதிர்த்து ஊர் ஒன்றுகூடி நின்றதுண்டு. மனைவிலை செய்யும் மாற்றமோ அத்தன்மையதன்று. அதற்கு நம் கையொப்பமே போதும். ஆதலின் அதனை எதிர்த்துக் கூட்டம் கூடுவார் இல்லை.

தென்கரையிற் கண்டது

அடையாற்று முகத்துவாரத்திற்குத் தெற்கே ஊரூர்க் குப்பம், ஆல்காட்டுக் குப்பம் என இரு குப்பங்கள் உள்ளன. இரண்டாவதன் பெயர், 1882 ஆம் ஆண்டில் அடையாற்றிற் பிரம்மஞான சபையின் தலைமையிடத்தை அமைத்த கர்னல் ஆல்காட்டின் நினைவாக வந்தது. அக்குப்பங்களின் அருகே 1970 ஆம் ஆண்டுகளில் வீட்டுவசதி வாரியம் ஒரு குடியிருப்பை அமைத்து, அன்னி பெசன்ட் அம்மையார் பெயரால் பெசன்ட் நகர் என வழங்கிற்று. பல திறத்து வருவாயுடையோர்க்கும் வீடு தரும் எண்ணத்தோடு எழுந்த அவ்விடத்தில், இன்று 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு பல கோடி ரூபாய்க்கு விலைபோகின்றது.

இவ்வுயர்வு எங்ஙனம் வந்தது? மணல் மாறவில்லை, காற்றும் மாறவில்லை. சாலையும் குடிநீரும் பள்ளியும் கோயிலும் வந்தன. கடலை நோக்கிய வீடு செல்வத்தின் அடையாளமாயிற்று. வாங்குவோன் தன் மாதச் சம்பளத்தையும், வங்கி தரும் இருபதாண்டுக் கடனையும் வைத்து விலை பேசினான். கட்டுமானக்காரன் ஒரு வீட்டை இடித்து எட்டு வீடு அடுக்கலாம் எனக் கணக்கிட்டு அதற்கு மேலும் விலை பேசினான். ஒரு தெருவில் இறுதியாக விற்ற மனையின் விலையே அத்தெருவின் எல்லா மனைக்கும் விலையாகக் கருதப்படும். அரசின் வழிகாட்டி மதிப்பும் அதனைப் பின்தொடர்ந்து ஏறும். இவ்வாறு, ஒருவன் விற்க அனைவர்க்கும் விலை ஏறுகின்றது.

விலை ஏறுதல் நன்மையன்றோ என்பார் உளர். விட்டுச் செல்ல வல்லானுக்கு அது நன்மையே. தங்கி வாழ வேண்டியவனுக்கு யாது பயன்? குப்பத்தான் வீட்டின் மதிப்பு பத்து மடங்கு உயர்ந்தாலும் அவன் படகில் ஏறும் மீன் ஒன்றேனும் மிகுவதில்லை. அவனுக்கு மகன் இருவர் இருப்பின், இளையவன் மணஞ்செய்து தனிக்குடி வைக்க மனை வேண்டும். அம்மனைக்குரிய விலையை நிறுத்தவர் கடலையும் காற்றையும் நம்பி வாழ்வோர் அல்லர். ஆதலின் இளையவன் கரையை விட்டு உள்ளே செல்வான். நள்ளிரவிற் காற்று மாறினாற் படகை இழுக்க அவன் அருகில் இரான். சில ஆண்டுகளில் அவன் வேறு கூலித்தொழில் தேடுவான். குப்பம் சுருங்கும். சுருங்கிய குப்பத்திற்கு இவ்வளவு கடற்கரை எதற்கு என்னும் கேள்வி அடுத்து எழும்.

அக்கேள்வி எழுந்த காலங்களை நாம் மறந்துவிடலாகாது. 1985 ஆம் ஆண்டின் இறுதியில், சென்னை மெரினாக் கடற்கரையை அழகுபடுத்த வேண்டி அங்கிருந்த படகுகளையும் வலைகளையும் அகற்ற முயன்றபோது கலகம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் மீனவர் சிலர் உயிர் துறந்தனர். 2010 ஆம் ஆண்டையொட்டிக் கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கடற்கரையோரமாக உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டமொன்று எழுந்தது. குப்பத்தார் ஒன்றுபட்டு எதிர்த்தமையின் அது அப்பொழுது நிறைவேறவில்லை. எல்லியட்ஸ் கடற்கரையை அடுத்த குப்பங்கள் இன்றும் படகு ஏற்றி மீன் விற்று வாழ்தற்கு, அவர்கள் தம் மணலை ஊர்ப்பொதுவெனக் கருதி விடாது காத்ததே காரணம்.

இன்னும் தெற்கே சென்றால் வேறு காட்சி. ஈஞ்சம்பாக்கத்தில் 1966 ஆம் ஆண்டில் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரும் அவர்தம் மாணவரும் சோழமண்டலம் என்னும் கலைஞர் கிராமத்தை அமைத்தபோது, கைவினைப் பொருள் விற்ற பணத்தைக் கொண்டே அங்கு நிலம் வாங்க முடிந்தது. அத்துணை மலிவாக இருந்தது அம்மணற்பரப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகியபின் அதே வரிசையில் உயர்ந்த மதில்கள் எழுந்தன. மதிலுக்கும் மதிலுக்கும் இடையிலுள்ள சந்துகளே சில குப்பத்தார்க்குக் கடலுக்குச் செல்லும் வழியாக எஞ்சின. மும்பையில் கோளி மீனவரின் ஊர்களாகிய வொர்லி, வெர்சோவா முதலிய கோளிவாடாக்களும் இவ்வாறே செல்வர் மாடங்களாற் சூழப்பெற்றுள்ளன. தம் ஊர் எல்லையை அளந்து வரையறுத்துத் தருமாறு அவர்கள் அரசை நெடுநாளாக வேண்டி வந்ததற்குக் காரணம் இதுவே.

பேரலைக்குப் பின்

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையை நினையாத குடும்பம் நம்மில் இல்லை. அதன்பின் 2005 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வருவாய்த் துறையார் 172 ஆம் எண்ணுள்ள அரசாணையை வெளியிட்டனர். உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமுற்றோர், விரும்பினால் அவ்வெல்லைக்கு அப்பால் ஒன்றரை இலட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டை இலவசமாகப் பெறலாம். ஆனால் பழைய மனையையும் வீட்டையும் அரசுக்கு எழுதிக் கொடுத்துவிடல் வேண்டும். அவ்வாறு விடப்பட்ட நிலம் தடையாணைப் பதிவேட்டில் ஏற்றப்பெற்றுப் பொதுநோக்கத்திற்காகக் காக்கப்படும் என்பன அதன் விதிகள்.

உயிர் அச்சம் நீங்காத அந்நாளில் உள்ளே சென்றோரை யாம் குறைகூறோம். குழந்தைகளைக் கரையிலிருந்து அகற்ற விரும்புதல் பெற்றோர்க்கு இயல்பு. எனினும் அவ்வரசாணையின் நடுவில் ஒரு கூற்று உள்ளது. விடப்பட்ட நிலம் பொதுநோக்கத்திற்குரியது, எவர்க்கும் விற்றற்குரியதன்று. தம் ஊரில் அவ்வாறு விடப்பட்ட மனைகள் எவை, அவை இன்று எந்நிலையில் உள்ளன என்று கணக்கெடுத்து வைத்திருக்கும் ஊர்ப் பஞ்சாயத்தார் எத்துணையர்? பொது என்பதைக் காப்பார் இல்லையேல், அது காலப்போக்கில் வலியோன் வேலிக்குள் சென்றுவிடும்.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் 1991, 2011, 2019 ஆகிய ஆண்டுகளில் முறையே வெளிவந்தன. 2011 ஆம் ஆண்டின் அறிவிக்கை, மீனவ ஊர்களையும் அவர்தம் பொதுவுடைமைகளையும் மீன் உலர்த்தும் களங்களையும் புல எண்ணுள்ள வரைபடத்திற் குறித்தல் வேண்டும் என்று விதித்தது. 2019 ஆம் ஆண்டின் அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிக்க ஊரகப் பகுதிகளில் கட்டடம் எழுப்பத் தகாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. மீனவர் தம் கரையிலே வீடு கட்டிக்கொள்ள இது உதவும். கரையிலுள்ள மனையை நாடும் பிறர்க்கும் இதுவே ஆசையை மூட்டும். பழவேற்காட்டைச் சூழப் பறவைகள் சரணாலயத்தின் விதிகளும் உண்டு. விதிகள் உள்ளமையால் விற்பனை நடவாது என்று எண்ணி வாளா இருத்தல் அறிவுடைமையன்று. விதி தளரும் நாளை எதிர்நோக்கி, இன்று மலிவாக வாங்கிப் போடுவாரும் உளர்.

நீரில் நாம் கண்ட நெறி

இத்தொல்லைக்கு மருந்தை வெளியே தேடவேண்டுவதில்லை; நம் ஏரியிலேயே உள்ளது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களில் நெடுங்காலமாக வழங்கும் பாடு முறையை நம்மவர் அறிவர். இளைஞர் பொருட்டு அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம். நீரோட்டத்திற் சுத்துவலை கட்டி இறால் பிடித்தற்குரிய இடங்கள் ஏரியில் அளவாகவே உள்ளன. அவற்றுள் சில நன்கு படும். சில குறைவாகப் படும். முந்தியவனும் வலியவனும் நல்லிடத்தைக் கைக்கொண்டால் ஏனையோர் பட்டினி கிடக்க நேரும். ஆதலின் ஊர் கூடி, தலைக்கட்டுக்களை எண்ணி, சீட்டுக் குலுக்கி, இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டுக என முறை வகுத்தனர். இன்று நல்லிடம் பெற்றவன் நாளை வேறிடம் செல்வான். மணஞ்செய்து தலைக்கட்டான இளைஞனுக்கும் முறை உண்டு. இடம் ஊரின் உடைமை. முறையே ஒருவனின் உரிமை.

இம்முறையை அயல்நாட்டு ஆராய்ச்சியாளரும் வந்து கற்று வியந்து எழுதியுள்ளனர். குறையற்றது என்று யாம் கூறோம். தலைக்கட்டு என்பது ஆடவரையே எண்ணுகின்றது. பாட்டின் வட்டத்திற்கு வெளியே நிற்கும் இருளர் முதலிய ஏரிக்குடிகளும் அதே நீரை நம்பி வாழ்கின்றனர். அவரோடு பூசல்களும் நிகழ்ந்துள்ளன. இக்குறைகளைத் திருத்திக்கொள்வது நம் கடன். எனினும் பாட்டின் உட்கருத்து பெரிது. அளவான ஒன்றை, இனிப் பிறக்கும் பிள்ளைக்கும் பங்கு எஞ்சுமாறு ஆளுதல் என்பதே அது. நீரில் இத்துணை நுண்ணிய நெறி கண்ட நம் முன்னோர், மணலுக்கு அத்தகைய நெறி எழுதிவைத்திலர். அந்நாளில் மணலை விலைக்குக் கேட்பார் இலர். ஆதலின் அது வேண்டப்படவில்லை. இன்று கேட்கின்றனர். ஆதலின் இன்று வேண்டும்.

ஆவணத்தில் மறைந்து நிற்பது

ஆசிரியத் தொழிலில் இருத்தலின், மாணாக்கரின் பெற்றோர் தம் பத்திரங்களைக் கொணர்ந்து படித்துச் சொல்லுமாறு எம்மைக் கேட்பதுண்டு. அண்மையில் யாம் கண்ட கிரய ஒப்பந்தம் ஒன்றில், சொத்து விவரத்தில் நான்கெல்லை கூறுமிடத்துக் கிழக்கெல்லை 'கடல்' என எழுதப்பெற்றிருந்தது. அவ்வீட்டிற்கும் கடலுக்கும் இடையில் ஊரார் படகு ஏற்றும் மணலும், பெண்டிர் கருவாடு பரப்பும் களமும், பிள்ளைகள் ஆடும் திடலும் உள்ளன. அவற்றுள் ஒரு பிடி மணலும் அவ்வீட்டுக்காரனுக்குத் தனியுரிமையன்று. எழுதியவர் ஒரு சொல்லால் அவை யாவற்றையும் விலைப்பொருளாக்கியிருந்தார். கையொப்பமிட வந்தவரோ மகளின் மருத்துவக் கடனைத் தீர்க்கும் கவலையில் இருந்தார். எல்லையைப் படிக்கும் மனநிலை அவர்க்கில்லை. அவ்வொரு சொல்லைச் சுட்டிக்காட்டிய அளவில் அவர் ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொண்டுசென்றார். கடன் மட்டும் அவரை விட்டுச் செல்லவில்லை.

விற்போரைப் பழித்தல் தகாது என்பதற்காகவே இதனைக் கூறினோம். முகத்துவாரம் மணலால் மூடுண்டு மீன்பாடு குறையும் ஆண்டில், பள்ளிச் சம்பளமும் மருத்துவச் செலவும் திருமணமும் நிற்பதில்லை. மனை ஒன்றே பணமாகக் கூடியதாயின் அதனையே ஒருவன் விற்பான். ஊர் அவனுக்கு வேறு வழி காட்டாது அவனை மட்டும் கடிந்தாற் பயன் என்னை?

செய்யத்தக்கன

முதலாவது, ஒவ்வொரு குப்பத்தாரும் தம் எல்லையைத் தாமே நடந்து, படகிடம், வலைத்திடல், உலர்களம், ஏலத்துறை, கடலுக்கும் ஏரிக்கும் செல்லும் பாதைகள், கோயில், இடுகாடு ஆகியவற்றை வரைந்து வைத்தல் வேண்டும். முதியோர் உள்ளபோதே இதனைச் செய்தல் நன்று. அவ்வரைபடத்தை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களிற் கூடும் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் நிறைவேற்றி, கடற்கரை மண்டல வரைபடத்தில் ஏற்றுமாறு ஆட்சியரிடம் அளித்தல் வேண்டும்.

இரண்டாவது, தனி வீட்டுமனைப் பட்டாவை வேண்டாம் என யாம் கூறவில்லை. அஃது இன்றேல் ஒருவனை எளிதில் வெளியேற்றலாம். பெறுவோர் கணவன் மனைவி இருவர் பெயராலும் பெறுக. ஒருவர் கையொப்பத்தால் வீடு போகாமல் அது காக்கும்.

மூன்றாவது, மனை விற்க நேருங்கால் முதலில் ஊர்க்கும் உறவினர்க்கும் கூறுதல் என்னும் கட்டுப்பாட்டை ஊர்கள் தமக்குள் அமைத்துக்கொள்ளலாம். கூறியபின் வாங்குதற்குப் பொருள் வேண்டுமே எனின், சங்கத்தின் சார்பில் ஒரு சிறு நிதி தொடங்கி, இடருற்றார்க்கு மனையை அடகின்றிக் கடன் தருதல் அதற்கு விடையாம். திருவிழாவிற்கு வரி தண்டும் ஊர்கட்கு இது இயலாததன்று.

நான்காவது, பொது அதிகார ஆவணத்திலும் வெற்றுத் தாளிலும் கையொப்பமிடுதலை அறவே ஒழித்தல் வேண்டும். ஆவணம் எதுவாயினும் நான்கெல்லையைப் படித்தறிந்த பின்னரே எழுத்தாணியைத் தொடுக. பள்ளியிற் பயிலும் பிள்ளைகளே தம் பெற்றோர்க்கு அதனைப் படித்துக் காட்ட வல்லவர்.

அன்பர்காள்! கரையின் விலையை நாம் தடுத்தல் இயலாது. நகரம் வளர்கின்றது, அதன் ஆசையும் வளர்கின்றது. நம்மால் இயல்வது, விலைபேசத் தகாதது எது என்பதை நமக்குள் முன்னரே முடிவு செய்து வைத்தல். நீரைப் பாடாக ஆண்டவர் நாம். மணலையும் அவ்வாறே ஆள அறிவோம். அடுத்த திங்கள் கூடும் நம் சங்கக் கூட்டத்திற்கு ஒவ்வோர் ஊரினரும் தம் பொதுவிடங்களின் பட்டியலைக் கொணர்வாராக. எழுதித் தருவார் இல்லாத ஊர்க்கு எழுதித் தர யாமும் எம் மாணாக்கரும் வருவோம்.